கட்டை அவர்களே கட்டட்டும்: தொடக்க வகுப்புக் கணக்கு பற்றி வாசகர் கேள்விகள்

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனதும் வரும் கடிதங்களில் எப்போதும் கணக்குதான் முன்னால் நிற்கும். இந்த இதழில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பொருள்களை வைத்துக் கணக்கு நடத்துவது, அதற்கு வகுப்பறையை எப்படி ஒழுங்கு பண்ணுவது, இந்த இரண்டைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 'இருபத்தைந்து' என்று சொன்னால் பாதிப் பிள்ளைகள் 205 என்று எழுதுகிறார்கள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டுகளைக் காட்டித்தான் நடத்தினேன். அப்படியும் மாறவில்லை.
*ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்*

நீங்கள் காட்டினீர்கள், சரி. பிள்ளைகள் கட்டினார்களா? 205 என்று எழுதும் குழந்தை காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதுகிறது: இருபது, அதற்குப் பிறகு ஐந்து. அதற்கு அது ரொம்ப நியாயமான வழி. அதை மாற்ற வேண்டுமானால் 'இரண்டு' என்பது இரண்டு கட்டு என்று அதன் கைக்குத் தெரிய வேண்டும். நாம் வீட்டில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த கட்டு, குழந்தையின் கண்ணுக்கு ஒரு தடித்த குச்சி, அவ்வளவுதான். உள்ளே பத்து இருக்கிறது என்று நாம் சொல்வதை அது நம்பித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

தென்னந்துடைப்பத்தில் ஈர்க்குச்சி உருவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, கூரான முனையை வெட்டிவிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கை நிறைய அள்ளிக் கொடுங்கள், எண்ணிக் கொடுக்க வேண்டாம். தொடுவதற்கு முன்னால் "எத்தனை இருக்கும்?" என்று கேட்டு, சொன்ன எண்ணைச் சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் எண்ணட்டும். முப்பதைத் தாண்டும்போது எண்ணிக்கை தப்பும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், மறுபடி தப்பும். அந்தச் சலிப்பு வந்த பிறகு, "தப்பாமல் எண்ண ஏதாவது வழி இருக்கா?" என்று கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை சின்னச் சின்னக் குவியலாகப் பிரிக்கும். ஐந்து ஐந்தாகவும் பிரிப்பார்கள், விடுங்கள். எல்லாரும் பத்தில் வந்து நிற்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம். ரப்பர் பேண்டை அப்போது எடுத்துக் கொடுத்தால் போதும்.

இப்போது 25 குச்சி கேளுங்கள். சில பிள்ளைகள் இரண்டு கட்டை எடுத்துவிட்டு, கட்டைப் பிரித்து உள்ளே பத்து இருக்கிறதா என்று மறுபடி எண்ணிப் பார்த்துத் திரும்பக் கட்டும். நேரம் போகிறதே என்று தடுக்காதீர்கள். பிரித்துப் பார்க்காமலே "பத்து, இருபது" என்று எடுத்து வைக்கும் நாள்தான் அந்தப் பிள்ளைக்குப் பத்து புரிந்த நாள், அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் வரும்.

எழுத்துக்கு வர, பழைய காலண்டர் அட்டையில் இரண்டு வகைத் துண்டுகள் வெட்டுங்கள். 10, 20 முதல் 90 வரை நீளத் துண்டு. 1 முதல் 9 வரை அதில் பாதி நீளம். 20 அட்டையின் பூஜ்யத்தின்மேல் 5 அட்டையை வைத்தால் 25. தூக்கிப் பார்த்தால் உள்ளே 20 அப்படியே இருக்கும். இதைப் பிள்ளைகள் நூறு தடவை தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

205 எழுதும் பிள்ளையிடம் 'தப்பு' என்று சொல்வதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. "நீ எழுதினதுக்கு எத்தனை கட்டு வேண்டும்?" என்று கேட்டு, வகுப்பில் எல்லாருடைய கட்டையும் வாங்கி இருபது கட்டும் ஐந்து குச்சியும் தரையில் அடுக்கவையுங்கள். பக்கத்திலேயே இரண்டு கட்டும் ஐந்து குச்சியும். இருபத்தைந்து எது என்று பிள்ளையே கை காட்டிவிடும். தொண்ணூறுகளுக்கும் இதே வைத்தியம்தான், அங்கே காதில் 'நூறு' விழுவதால் குழப்பம் கூடுதல். ஒன்பது கட்டைப் பார்த்தால் தெளிந்துவிடும்.

32 பிள்ளைகள். பொருள்களைக் கையில் கொடுத்தால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்க்கிறார். பேசாமல் கரும்பலகைக்கே போய்விடலாமா?
*ஓர் ஆசிரியர், தேனி மாவட்டம்*

போக வேண்டாம். சத்தத்தில் இரண்டு வகை உண்டு. "உனக்கு எத்தனை வந்தது, எனக்கு ஏழு" என்று பேசிக்கொள்ளும் சத்தம் வேண்டும். "சார், இவன் என் பட்டனை எடுத்துட்டான்" என்ற சத்தம்தான் பிரச்சினை, அது பெரும்பாலும் பங்கு போடுவதில் வருகிறது. பெரிய டப்பா ஒன்றை நடுவில் வைத்து "ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்றால் சண்டை வரத்தான் செய்யும்.

ஜோடிக்கு ஒரு துணிப்பை. பையின்மேல் எண், உள்ளே சரியாக 20 பட்டன். பையை எடுத்ததும் எண்ண வேண்டும், திருப்பி வைக்கும்போதும் எண்ண வேண்டும். குறைந்தால் தேடிக் கண்டுபிடிப்பது அந்த ஜோடியின் பொறுப்பு. "18தான் இருக்கு, இன்னும் எத்தனை தேடணும்?" என்பது பாடப்புத்தகத்தில் உள்ள கழித்தலைவிட உயிருள்ள கழித்தல். பைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், சுவரில் வரிசையாக ஆணி அடித்து, அதே எண் போட்டு மாட்டிவிடுங்கள். ஆசிரியர் எடுத்துக் கொடுத்து, ஆசிரியர் வாங்கி வைக்கும் ஏற்பாட்டில் பாடவேளையில் பாதி விநியோகத்திலேயே போய்விடும்.

புதுப் பொருளைக் கொடுக்கும் முதல் நாள் பாடம் நடத்தாதீர்கள். கோபுரம் கட்டட்டும், ரயில் விடட்டும், கோலம் போடட்டும். அந்த ஆசை தீராமல் கணக்கு சொன்னால் காதில் ஏறாது.

அப்புறம், 32 பேருக்கும் ஒரே நேரத்தில் பொருள் வேண்டும் என்று யார் சொன்னது? எட்டுப் பேர் உங்களோடு பாயில், பொருளோடு. மற்றவர்கள் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வேலையில், பயிற்சி நூலோ சிலேட்டோ. கால் மணி நேரத்தில் குழு மாறட்டும். 'ஏற்கெனவே தெரிந்த' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தனியாக விடப்பட்ட குழுவுக்குப் புது வேலை கொடுத்தால், ஒவ்வொருவராக எழுந்து வந்து உங்கள் முந்தானையையோ சட்டையையோ இழுப்பார்கள். கை தட்டி நிறுத்தும் தாளம் ஒன்றைப் பழக்கிவிடுங்கள், நீங்கள் தட்ட, அவர்கள் திருப்பித் தட்ட, கை பொருளிலிருந்து விலகியிருக்கும்.

ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று மூன்றும் ஒரே அறையில் என்னிடம். மூன்று கணக்குப் பாடம் எப்படி நடத்துவது?
*ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்*

மூன்று பாடம் தயாரிக்கப் போனால் ஒரு வாரத்தில் களைத்துவிடுவீர்கள். ஒரே பொருளை வைத்து மூன்று கேள்வி தயாரியுங்கள். வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்து உட்காரவைப்பது நம் பள்ளிகளுக்குப் புதிது இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அப்படித்தான் இருந்தது, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் அதற்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். தாயத்துக்குத் தேய்ப்பதுபோலப் பத்துப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே தேய்த்துத் தருவார்கள். குலுக்கிப் போட வேண்டும்.

ஒன்றாம் வகுப்பு: வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை? 7, 3. அடுத்த தடவை 4, 6. நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே வரட்டும். பிறகு நீங்கள் கறுப்பை மட்டும் கையால் மூடி, "வெள்ளை ஆறு, மூடினது எத்தனை?" என்று கேளுங்கள். பத்தின் ஜோடிகள் இப்படி மனதில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் கூட்டல், கழித்தல் பாதி முடிந்த மாதிரி.

இரண்டாம் வகுப்பு: வெள்ளைக்குப் பத்து, கறுப்புக்கு ஒன்று. ஆறு வெள்ளை, நான்கு கறுப்பு என்றால் 64. இரண்டு தடவை போட்டுக் கூட்டி, யார் அதிகம் என்று பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் குச்சிக்கட்டு பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு: அதே ஆட்டம், ஆனால் கேள்வி வேறு. "என்னென்ன எண் வரும்? 50 வருமா?" போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள், வராது. கிடைத்தவற்றை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்: 10, 19, 28, 37, 46, 55, 64, 73, 82, 91, 100. ஒன்பது ஒன்பதாக ஏறுவதை ஒரு பிள்ளையாவது பார்க்கும். ஏன் என்று கேட்டால், ஒரு கறுப்பைப் புரட்டி வெள்ளையாக்கிப் பார்க்கட்டும்: ஒன்று போய்ப் பத்து வருகிறது. இந்த விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

என் மகள் இரண்டாம் வகுப்பு. இன்னும் விரல் விட்டு எண்ணுகிறாள். கண்டிக்கலாமா?
*ஒரு தாய், கோயம்புத்தூர்*

கண்டிக்காதீர்கள். தடுத்தால் மேசைக்கு அடியில் எண்ணுவாள், அவ்வளவுதான் நடக்கும். நம் பாட்டிமார் கட்டை விரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுப் பன்னிரண்டு வரை ஒரே கையில் எண்ணியவர்கள்.

ஆனால் எப்படி எண்ணுகிறாள் என்று கவனியுங்கள். 8 + 5 என்றால் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணுகிறாளா, எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று மேலே போகிறாளா? முதல் வகை என்றால் ஒரு டம்ளரில் எட்டுப் பட்டாணியைப் போட்டு மூடிவிட்டு, வெளியே ஐந்தை வையுங்கள். மூடியதை எண்ண முடியாது, எட்டிலிருந்துதான் தொடர வேண்டும். அதற்கு அடுத்த படி, ஐந்தில் இரண்டை எடுத்து டம்ளரில் போட்டுப் பத்தாக்குவது; மீதி மூன்று, ஆக 13. இது வந்துவிட்டால் விரல் தானாக ஓய்ந்துவிடும்.

ஒன்றாம் வகுப்பில் மணி, விதை கொடுக்கப் பயமாக இருக்கிறது.
*ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்*

பயம் சரியானதே. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது. தண்ணீர் பாட்டில் மூடி, பெரிய கோட்டு பட்டன் போதும். புளியங்கொட்டையைக்கூட உங்களோடு பாயில் உட்காரும் குழுவுக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி.

எங்கள் பள்ளியில் கணித உபகரணப் பெட்டி இருக்கிறது, பீரோவில். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் தயங்குகிறார்.
*பெயர் வேண்டாம் என்று எழுதிய ஆசிரியர்*

இருப்புப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் அவரை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகள் எண்ணித் திருப்பி வைப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி பிள்ளைகளுக்காக வந்தது, தேய்ந்து போனால் பயன்பட்டது என்று அர்த்தம்.

குச்சியில் செய்தால் சரியாக வருகிறது. அதே கணக்கை நோட்டில் எழுதினால் தப்பு. 32 - 15க்கு 23 என்று எழுதுகிறார்கள்.
*ஓர் ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்*

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. பொருள் ஒரு நாள், எழுத்து இன்னொரு நாள் என்று பிரித்து நடத்தும்போது பிள்ளைகளுக்கு அவை இரண்டு வேறு வேறு விளையாட்டு. குச்சியில் கட்டைப் பிரிக்கிறார்கள். நோட்டில் பெரியதிலிருந்து சிறியதை எடுக்கிறார்கள்: ஐந்தில் இரண்டு போனால் மூன்று, மூன்றில் ஒன்று போனால் இரண்டு. 23.

சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளில் 1980களிலிருந்து பொருளுக்கும் எண்ணுக்கும் நடுவில் படம் என்று ஒரு படி வைத்து நடத்துகிறார்கள். அதை நாமும் வைக்கலாம். ஜோடியில் ஒருவர் குச்சியை நகர்த்த வேண்டும், மற்றவர் ஒவ்வொரு நகர்த்தலையும் உடனே நோட்டில் பதிய வேண்டும். பக்கத்தின் இடப்பக்கம் கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. வலப்பக்கம் எண். மூன்று கட்டில் ஒன்றைப் பிரித்ததும், ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி வைத்து, அந்தக் கணமே 3ஐ அடித்து 2 என்றும், 2ஐ அடித்து 12 என்றும் எழுத வேண்டும். எழுதி முடிக்கும் வரை குச்சிக்காரர் அடுத்த குச்சியைத் தொடக் கூடாது. மறு கணக்குக்கு இருவரும் இடம் மாறட்டும். சில நாளில் குச்சியை எடுத்துவிட்டுப் படமும் எண்ணும் மட்டும், பிறகு எண் மட்டும். தடுமாறினால் தயங்காமல் குச்சிக்கே திரும்புங்கள்.

23 எழுதிய பிள்ளையிடம் இரண்டு கட்டும் மூன்று குச்சியும் கொடுத்து, அதோடு 15ஐச் சேர்க்கச் சொல்லுங்கள். 38 வரும். "நம்மகிட்ட முதலில் எத்தனை இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.