பழைய நீச்சல் குளம்: இறைக்கும் முன் கேட்டுவிடுங்கள்

வீட்டு நீச்சல் குளங்களைக் கட்டுவதும், கசிவு பார்ப்பதும், சில சமயம் மூடிக் கொடுப்பதும் என் தொழில். பெரும்பாலும் சென்னையிலும் ஈசிஆர் பக்கமும். "பழைய குளம் இருக்கட்டுமா, ரிப்பேர் பார்க்கலாமா, வேறு எதற்காவது மாற்றலாமா?" என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணக்கு வரும் இடங்களில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் சுமார் 45,000 லிட்டர் பிடிக்கும்.

நீலாங்கரையிலிருந்து: அப்பா 1996-ல் கட்டிய குளம் சார். ஐந்து வருடமாக யாரும் இறங்கவில்லை, தண்ணீர் பச்சையாக நிற்கிறது. இந்த மழை விட்டதும் மோட்டார் போட்டு மொத்தத்தையும் இறைத்துவிட்டு, அப்புறம் யோசிக்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

வேண்டாம். மழை விட்ட கையோடு கடலோர மணலில் இருக்கும் ஒரு குளத்தை இறைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். குளம் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை தளத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது. காலி செய்தால் அந்தப் பிடி போய்விடும், அடியிலிருந்து நிலத்தடி நீர் முட்டும். தளத்தின் அடிமட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நிலத்தடி நீர் நின்றால், சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும். 20 செ.மீ. தளத்தின் எடையோ சதுர மீட்டருக்கு 500 கிலோதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் டிசம்பர் மாதம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் இறைத்திருக்கிறார்கள். காலையில் போனால் குளத்தின் ஒரு பக்கம் புல்தரையைவிட ஒரு சாண் மேலே ஏறி நிற்கிறது. ஓரத்து டைல்ஸ் வரிசை சாய்ந்து, பைப் முறிந்து கிடந்தது. வீட்டுக்கார அம்மா அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்தக் குளத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஆழமான பக்கத்தை ஒட்டி ஓட்டைகள் போட்ட நாலு அங்குல பிவிசி பைப் ஒன்றை மண்ணில் இறக்கி, உள்ளே தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் அதையும் எட்டிப் பாருங்கள். அதுவரை பச்சைத் தண்ணீரில் கொசுப் புழுவைத் தின்னும் கப்பி மீன் விட்டுவிடுங்கள். நல்ல வெயில் காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும்.

கோயம்புத்தூரிலிருந்து: தினமும் தண்ணீர் குறைகிறது. பார்க்க வந்த மூன்று பேரும் உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறார்கள்.

உடைக்கும் முன் ஒரு பக்கெட்டை எடுங்கள். அதில் தண்ணீர் நிரப்பி, குளத்தின் படியில், குளத்துத் தண்ணீருக்குள் பாதி மூழ்கி இருக்கும்படி வையுங்கள். பக்கெட்டின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த தண்ணீர், கசிவு இல்லை. கோடையில் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் வரை இறங்குவது சாதாரணம். குளம் மட்டும் கூடுதலாக இறங்கினால்தான் கசிவு. நம் கணக்குக் குளத்தில் ஒரு செ.மீ. இறங்கினால் 320 லிட்டர் போனதாக அர்த்தம்.

அப்புறம் இதையே மோட்டார் ஓடும்போது ஒரு நாளும், நிறுத்திவிட்டு ஒரு நாளும் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால் கசிவு பைப்பில். ஒரு மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டால் அந்த மட்டத்தில் என்ன இருக்கிறதோ அங்கே, பெரும்பாலும் விளக்குக் குழியிலோ, மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் வாயிலோ. அந்த இடத்தில் அசையாத தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால், ஓட்டை அதைக் கோடு போட்ட மாதிரி உள்ளே இழுக்கும். நான் பார்த்த கசிவுகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவை. அதற்குப் போய்க் குளத்தையே உடைப்பது அநியாயம்.

மகாபலிபுரம் பக்கத்திலிருந்து: அப்படியானால் எப்போதுதான் உடைத்தாக வேண்டும் அண்ணா?

கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துவிட்டால். கோடையில் நிலத்தடி நீர் இறங்கியதும் காலி செய்து, ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது. பூச்சு மட்டும் என்றால் கொத்தி எடுத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, மறுபடி டைல்ஸ் ஒட்டிவிடலாம். காபிப் பொடி நிறத்தில் கறை ஒழுகி, அதன் மேலேயே கான்கிரீட் உப்பிக்கொண்டு வந்தால் உள்ளே கம்பி வீங்கியிருக்கிறது. கடற்கரை வீடுகளில் இது சீக்கிரம் வரும். ஓரிரு இடம் என்றால் அந்தக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்துச் சரிபண்ணலாம். சுவர் முழுக்க என்றால் ரிப்பேருக்குப் போடும் காசு வீண்.

அண்ணா நகரிலிருந்து: எவ்வளவு குளோரின் போட்டாலும் பச்சை போகவில்லை. குளம் பழசானதால்தானா?

இல்லை. நீங்கள் போடுவது மாத்திரைக் குளோரின்தானே? அதில் குளோரினை வெயிலிலிருந்து காக்கும் ஸ்டெபிலைசர் சேர்ந்திருக்கிறது. குளோரின் தீர்ந்துபோகும், ஸ்டெபிலைசர் தண்ணீரிலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். அது 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) தாண்டினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. பாதித் தண்ணீரை மாற்றுங்கள், பிஎச் 7.2 முதல் 7.6-க்குள் வையுங்கள். ஃபில்டர் மணல் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: மாத்திரைக் குளோரினையும் ப்ளீச்சிங் வகைக் குளோரினையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

வேளச்சேரியிலிருந்து: 2019-ல் தண்ணீர் லாரிக்கு நின்ற நாட்களை மறக்க முடியவில்லை. இதை மழைநீர்த் தொட்டியாக மாற்ற முடியுமா?

முடியும். எனக்குப் பிடித்த மாற்றமும் இதுதான். 10 செ.மீ. மழை பெய்யும் ஒரு நாளில், 2,000 சதுர அடி மொட்டை மாடியிலிருந்து வீணானது போக 15,000 லிட்டர் கிடைக்கும். அப்படி மூன்று நாள் போதும், குளம் நிறைந்துவிடும். 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட நாலு. சென்னைக்கு வருடத்தில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதைச் சேர்த்துவைக்க இவ்வளவு பெரிய தொட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது?

ஆனால் மேலே மூட வேண்டும். வெளிச்சம் போகாவிட்டால் பாசி வராது. கான்கிரீட் மூடி போடுவதாக இருந்தால் பழைய சுவர் அந்த எடையைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும், மேஸ்திரியின் கணிப்பு போதாது. முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு, ஜல்லி-மணல் ஃபில்டர், வலை கட்டிய காற்றுக்குழாய், பூட்டுப் போட்ட மூடி, நிறைந்து வழிவது போய்ச் சேர ஒரு உறைகிணறு. தோட்டம், துணி, கழிப்பறை எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர் போதும். குடிக்க வேண்டாம்.

மூடிக் கிடந்த தொட்டிக்குள் சுத்தம் செய்ய யாரையும் சட்டென்று இறக்காதீர்கள். உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லாமல் போயிருக்கலாம். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்துபோகும் செய்தி வருடா வருடம் வருகிறது. எல்லா மூடியையும் திறந்து, ப்ளோயர் வைத்துக் காற்று அடித்து, மேலே ஆள் நிற்க, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும்.

தென்காசியிலிருந்து: மீன் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். புதுச் சிமென்ட் பூச்சு இருந்தால் இரண்டு மூன்று முறை நிரப்பி இறைத்த பிறகே மீன் விடுங்கள், இல்லாவிட்டால் காரத்தில் செத்துப்போகும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்ஸிஜன் போதவில்லை, ஏர் பம்ப் வேண்டும். தவளையும் அணிலும் விழுந்தால் ஏறி வர ஒரு சாய்வுப் பலகை போட்டுவையுங்கள்.

மதுரையிலிருந்து: மண் கொட்டி மூடிவிட்டு மேலே கார் ஷெட் போடப் போகிறோம்.

தளத்தில் பல இடங்களில் பெரிய ஓட்டை போட்டீர்களா? போடாமல் மூடினால் மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் உள்ளே சேறாகவே நிற்கும். சுவரின் மேல் இரண்டு மூன்று அடியை உடைத்து எடுத்துவிடுங்கள். 45 கன மீட்டர் என்றால் 16 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி), மண் அமுங்குவதால் 20 யூனிட் கிராவல் வேண்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் முக்கால் அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு ரோலரோ கம்பாக்டரோ ஓட்டுங்கள். ஷெட் தூணை இந்த மண்ணில் நிறுத்தாதீர்கள், குளத்துக்கு வெளியே பழைய மண்ணில் நிறுத்துங்கள்.

போரூரிலிருந்து: பேத்திக்கு இரண்டு வயது. மாமியார் மூடச் சொல்கிறார், இவருக்கு மனசு வரவில்லை.

அம்மா, வாராவாரம் குளத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் நிஜமாகவே இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலி இன்றைக்கே வேண்டும். நாலு அடி உயரம், கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி, தானாக மூடிப் பூட்டிக்கொள்ளும் கேட். காலிக் குளத்துக்கும் இதே வேலி வேண்டும், விழுந்தால் ஆறடிப் பள்ளம். பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது, குழந்தை ஏறிவிடும்.

மீண்டும் நீலாங்கரையிலிருந்து: பைப் இறக்கிப் பார்த்தோம் சார். மூன்றரை அடியில் தண்ணீர் நிற்கிறது. குளம் ஆறடி ஆழம்.

தளத்தின் கனத்தையும் சேர்த்தால் அடியில் மூன்று அடிக்கு மேல் தண்ணீர் முட்டிக்கொண்டிருக்கிறது. சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல். மோட்டாரை எடுத்து உள்ளே வையுங்கள். மாதம் ஒரு முறை அந்தப் பைப்பில் அளந்து எழுதிவாருங்கள். கோடையில் ஏழு அடிக்குக் கீழே போன பிறகு சொல்லுங்கள், நாணயத்தோடு வருகிறேன்.