மலிவு டீயை ஏன் கடலில் கொட்டினார்கள்? அமெரிக்கப் புரட்சி: கேள்வி-பதில்

அமெரிக்கா பிரிட்டனின் காலனிகளாக (ஆளுகைக்கு உட்பட்ட குடியேற்றங்களாக) இருந்தபோது, 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் டீயைக் கடலில் கொட்டிய விவகாரத்தைப் போன மாதம் போகிற போக்கில் ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டுப் போனேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் டீயைப் பற்றித்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

“டீக்கு வரி போட்டார்கள், விலை ஏறியது, மக்கள் கொதித்துப்போய் டீயைக் கடலில் கொட்டினார்கள்” என்றுதான் பள்ளியில் படித்தோம். சரிதானே? (திருச்சி வாசகர்)

கொட்டியது சரி. விலை ஏறியது என்பதுதான் தவறு. 1773-இல் வந்த தேயிலைச் சட்டத்தால் டீ விலை குறைந்தது.

கிழக்கிந்திய கம்பெனி அப்போது கழுத்துவரை கடனில் நின்றது. 1770-இல் வங்காளத்தில் கொடும் பஞ்சம், 1772-இல் லண்டனில் பண நெருக்கடி, கிடங்குகளில் விற்காமல் தேங்கிக் கிடந்த டீ ஏறக்குறைய 1.7 கோடி பவுண்டு எடை. கம்பெனியைக் கைதூக்கிவிடப் பிரிட்டிஷ் பிரதமர் லார்ட் நார்த்தின் அரசு ஒரு வழி கண்டது. இங்கிலாந்தில் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்கும். லண்டன் ஏலம், இடைத்தரகர் எதுவும் இல்லாமல் கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு டீ அனுப்பலாம். இதனால் டச்சுக்காரர்களிடம் வாங்கிக் கடத்தி வந்த கள்ள டீயோடு போட்டி போடும் அளவுக்குச் சட்டப்பூர்வ டீயின் விலை இறங்கியது.

ஆனால் 1767-இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் போட்ட வரி, ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ், அப்படியே இருந்தது. அதுதான் முள். மலிவாக இருக்கிறதே என்று வாங்கிக் குடித்துவிட்டால், எங்களுக்கு வரி போட லண்டன் நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தூண்டிலில் மாட்டிய புழுவாகத்தான் அந்த மலிவு விலையைக் காலனிக்காரர்கள் பார்த்தார்கள். இதில் வியாபாரக் கணக்கும் உண்டு, மறைப்பானேன்? கள்ள டீ விற்றவர்களுக்குப் பிழைப்பு போகிறது. கம்பெனியின் முகவராகத் தேர்வாகாத வணிகர்களுக்கு வயிற்றெரிச்சல். பாஸ்டனில் முகவர்களாக அமர்ந்தவர்களில் இருவர் மாசச்சூசெட்ஸ் (பாஸ்டன் இருக்கும் காலனி) ஆளுநர் ஹட்சின்சனின் சொந்த மகன்கள். கொள்கையும் கல்லாப்பெட்டியும் ஒரே பக்கம் நின்றுவிட்டன.

முதல் கப்பலான டார்ட்மவுத் நவம்பர் 28 அன்று வந்தது. 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அதாவது டிசம்பர் 17-க்குள் கப்பல் திரும்பிப் போயாக வேண்டும். 16-ஆம் தேதி பெரிய கூட்டம் கூடியிருக்க, கப்பல் உரிமையாளரை ஆளுநரிடமே அனுப்பினார்கள், வெளியேற அனுமதிச் சீட்டு கேட்டு. ஆளுநர் கொடுக்கவில்லை. அன்றிரவு மோஹாக் பழங்குடியினர் வேடத்தில் சிலர் மூன்று கப்பல்களில் ஏறி, மூன்று மணி நேரத்தில் 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். அத்தனையும் சீனத்து டீ. நீர் வற்றியிருந்த நேரம் என்பதால் கப்பலோரம் டீத்தூள் மேடுதட்டிவிட்டது.

எனக்கு இதில் பிடித்தது அவர்களின் கறார்தான். கோட்டுக்குள் டீத்தூளை அள்ளித் திணித்துக்கொண்ட ஒருவரைப் பிடித்துத் துணியை உருவி விரட்டினார்கள். உடைந்துபோன ஒரு பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். கலகக்காரர்கள் பூட்டுக்கு நஷ்டஈடு தந்த கதையை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அப்படியானால் வரிச்சுமை என்பதே பொய்யா? நூறு, நூற்றைம்பது வருஷம் ஒழுங்காக இருந்தவர்களுக்குத் திடீரென்று என்ன வந்தது? (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை)

வரி பெரிய சுமை இல்லை, அம்மா. இங்கிலாந்தில் இருந்த சாதாரண ஆள் காலனிக்காரரைவிடப் பல மடங்கு வரி கட்டினார். திடீரென்று வந்தது 1763. பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் வென்றது; கூடவே அதன் தேசியக் கடன் ஏறக்குறைய இரட்டிப்பானது. அமெரிக்காவைக் காக்கத்தானே செலவு செய்தோம், அவர்களும் கொஞ்சம் கொடுக்கட்டுமே என்றது லண்டன். நியாயமான பேச்சுதான். ஆனால் அதுவரை லண்டன் கண்டும் காணாமல் விட்டிருந்ததால் காலனிகள் தங்கள் சட்டமன்றங்களிலேயே வரி போட்டுத் தங்களைத் தாங்களே ஆண்டு பழகிவிட்டன. அத்தோடு, வடக்கே கனடாவில் பிரெஞ்சுக்காரன் இருந்தவரை பிரிட்டிஷ் பட்டாளம் தேவைப்பட்டது. அவன் போனபின் எதற்கு? அதே 1763 அக்டோபரில், அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று அரச ஆணை வந்தது. அந்த நிலத்தின் மேல் கண்வைத்துப் பணம் போட்டவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர்.

1764 சர்க்கரைச் சட்டத்தையும் பாருங்கள். ரம் காய்ச்ச வரும் மொலாசஸுக்கு (சர்க்கரைப் பாகு) இருந்த தீர்வையைக் கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தார்கள். பழைய 6 பென்ஸை முழுதாகக் கட்டியவர் அபூர்வம். சுங்கக்காரர் கையில் ஏதாவது அழுத்தினால் போதும். புது 3 பென்ஸை நிஜமாகவே வசூலிக்கக் கிளம்பினார்கள். மாட்டிக்கொண்டால் வழக்கு ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குப் போகும். வரி பாதியானது, ஆத்திரம் இரட்டிப்பானது. டீயில் நடந்ததும் இதேதான்.

ஸ்டாம்ப் ஆக்ட் என்பது தபால்தலைக்கு வரியா? (சேலம்)

இல்லை. நம்மூரில் நிலம் எழுத முத்திரைத்தாள் வாங்குகிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. 1765-இல் வந்தது. பத்திரம், வழக்குத்தாள், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, ஏன், தாயக்கட்டைக்குக்கூட முத்திரை வரி உண்டு. காலனிக்காரர்கள் மேல் லண்டன் நேரடியாகப் போட்ட முதல் உள்நாட்டு வரி இது. லண்டன் செய்த பெரிய முட்டாள்தனம், வக்கீல், அச்சகக்காரர், பத்திரிகை ஆசிரியர் மூவர் மேலும் ஒரே நேரத்தில் கைவைத்தது. ஊரிலேயே வாய்நீளம் உள்ள கூட்டம் அதுதான். ஆகஸ்டில் பாஸ்டனில் முத்திரை முகவர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை ஒரு எல்ம் மரத்தில் தொங்கவிட்டார்கள். பயந்துபோய் அவர் பதவியை விட்டார். மற்ற காலனிகளிலும் முகவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நவம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முத்திரைத்தாள் விற்க ஆளே இல்லை.

1766 மார்ச்சில் சட்டத்தை ரத்து செய்தார்கள். அன்றே இன்னொரு சட்டமும் கொண்டுவந்தார்கள்: எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று. பட்டாசு வெடித்துக் கொண்டாடிய மக்கள் இந்த இரண்டாவதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

“பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை” என்றுதானே கேட்டார்கள்? நாலு எம்.பி. சீட் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்குமே! (கோவை)

தீர்ந்திருக்காது. அவர்கள் சீட் கேட்கவில்லை. 1765-இல் நியூயார்க்கில் கூடிய ஒன்பது காலனிகளின் மாநாடு, இவ்வளவு தூரத்திலிருந்து லண்டன் நாடாளுமன்றத்தில் எங்களுக்குப் பிரதிநிதித்துவம் சாத்தியமே இல்லை என்றே எழுதி வைத்தது. நாலு பேரை அனுப்பினால் ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டு, வரியையும் ஏற்க வேண்டியிருக்கும். எங்கள் சட்டமன்றம் மட்டுமே எங்களுக்கு வரி போடலாம் என்பதுதான் வாதம். மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட எம்.பி. இல்லை, அவர்கள் வரி கட்டவில்லையா என்று லண்டன் கேட்டது. அது மான்செஸ்டர்காரரின் பாடு என்பதுதான் பதில்.

வீட்டுக்குள் புகுந்து சிப்பாய்களைத் தங்க வைத்தார்களாமே? (பெயர், ஊர் இல்லை)

1765 சட்டப்படி பட்டாள முகாம், சத்திரம், காலி வீடு, அவ்வளவுதான். குடியிருக்கும் வீட்டுக்குள் இல்லை. செலவு உள்ளூர்க்காரர் தலையில் விழுந்ததுதான் சண்டை.

பாஸ்டன் படுகொலை உண்மையிலேயே படுகொலைதானா? (திருநெல்வேலி, கல்லூரி மாணவர்)

1770 மார்ச் 5, இரவு, தரையில் பனி. சுங்க அலுவலகத்துக்கு வெளியே காவல் நின்ற ஒரு சிப்பாயை ஒரு கும்பல் சூழ்ந்து பனிக்கட்டியாலும் கட்டைகளாலும் அடித்தது. கேப்டன் பிரெஸ்டன் சில சிப்பாய்களோடு உதவிக்கு வந்தார். யார் சொன்னது, யாரும் சொன்னார்களா என்பதே தெளிவில்லாமல் துப்பாக்கிகள் வெடித்தன. ஐந்து பேர் செத்தார்கள். அவர்களில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பழங்குடி வம்சத்தவர்.

பாஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் அச்சிட்டு விற்ற படத்திலோ சிப்பாய்கள் வரிசைகட்டி நிற்க, கேப்டன் வாளை உயர்த்தி உத்தரவு கொடுக்கிறார். அந்தப் படமும் அவர் சொந்தமாக வரைந்ததில்லை, ஓவியர் ஹென்றி பெல்ஹாம் வரைந்ததைப் பார்த்துச் செய்தது. வழக்கில் சிப்பாய்களுக்காக வாதாடியவர் யார் தெரியுமா? பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். கேப்டனும் ஆறு சிப்பாய்களும் விடுதலை. இருவருக்குக் கட்டைவிரலில் சூடு. காலனிக்காரர்கள் அடங்கிய ஜூரியே அப்படித் தீர்ப்பளித்தது. ஆனாலும் தீர்ப்பைவிடப் படம்தான் வேகமாக ஊரூராகப் போனது.

எந்த நாளில் “இனி ராஜா வேண்டாம்” என்று முடிவெடுத்தார்கள்? (சென்னை)

ஆச்சரியப்படுவீர்கள், ரொம்பத் தாமதமாக. டீ கொட்டியதற்குத் தண்டனையாக 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடினார்கள். மாசச்சூசெட்ஸின் சாசனத்தை மாற்றி, ஊர்க்கூட்டங்களுக்குக்கூட ஆளுநரின் அனுமதி வேண்டும் என்றார்கள். செய்தது ஊரில் சிலர், பட்டினி ஊர் முழுக்க. மற்ற காலனிகளுக்குச் சுரீரென்றது: இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு. செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜார்ஜியா தவிர்த்துப் பன்னிரண்டு காலனிகள் கூடின. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் காலனிக்காரர்களும் பிரிட்டிஷ் பட்டாளமும் மோதி ரத்தம் சிந்தியது. அதற்குப் பிறகும், ஜூலையில், ராஜாவுக்குச் சமாதான விண்ணப்பம் எழுதினார்கள்! கெட்டது நாடாளுமன்றமும் மந்திரிகளும்தான், ராஜா நல்லவர் என்ற நம்பிக்கை அது. மூன்றாம் ஜார்ஜ் அதை ஏற்காமல் ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் எழுதிய துண்டுநூல், ராஜா என்ற ஏற்பாடே அபத்தம் என்று பச்சையாகச் சொன்னது. ஆறு மாதத்தில் சுதந்திரப் பிரகடனம். ஓட்டெடுப்பு நடந்தது ஜூலை 2 அன்று; 4-ஆம் தேதி வாசகத்துக்கு ஒப்புதல்.

சுதந்திரம் பேசியவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களே, கூச்சமே இல்லையா? (விழுப்புரம்)

சிலருக்கு இருந்தது. பலருக்கு இல்லை. அன்றைய மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் அடிமை. அடிமை வியாபாரத்துக்காக ராஜாவைச் சாடிய ஒரு பத்தி, பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனின் வரைவில் இருந்தது; பிலடெல்பியாவில் கூடிய காலனிகளின் பேரவை அதை அடித்துவிட்டது. எழுதியவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் என் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அவர் ஒன்றும் தர்மவான் இல்லை, ஆள் தேவைப்பட்டது. ஆனால் நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்து சேர்ந்தார்கள். விடுதலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர்கள் போட்ட கணக்கு வேறு. தயங்கி நின்ற தெற்கத்தி முதலாளிகள் பலரைப் புரட்சியின் பக்கம் தள்ளியதில் டன்மோரின் அறிவிப்புக்கும் பங்குண்டு.

நம்ம பக்கத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு? (கடலூர்)

நீங்கள் கேட்பதுதான் பொருத்தம். 1767–69 போரில் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்த சேதி லண்டனை எட்டியபோது கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. கம்பெனியின் வீழ்ச்சிக்கு அது ஒரு தொடக்கம். அதன் முடிவில்தான் பாஸ்டனுக்கு டீப்பெட்டிகள் போயின. 1782-இல் அமெரிக்கர்கள் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலியின் பெயரையே வைத்தார்கள். அமெரிக்காவின் யார்க்டவுனில் 1781-இல் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் பிறகு இங்கே வந்து, திப்புவைத் தோற்கடித்து, 1792-இல் திண்டுக்கல்லையும் பாராமஹாலையும் (இன்றைய சேலம், கிருஷ்ணகிரி பக்கம்) பிடுங்கிக்கொண்டார்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். பிரான்சும் அமெரிக்கர்களோடு சேர்ந்து போரில் இறங்கியதால் சண்டை வங்கக் கடலுக்கும் வந்தது. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு வெளியே கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் மோதின. பிரான்சும் பிரிட்டனும் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. அந்தச் சேதி கடலூர் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.