கணைய அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும் என்ன கவனிக்க வேண்டும்?

அப்பாவுக்கு விப்பிள் அறுவை சிகிச்சை, எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு இணைப்பார்கள். பல மணி நேரம் பிடிக்கும்.

புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தினமும் நடக்கட்டும், புரதம் கூடட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்தபின் வயிற்றில் ஒரு வடிகுழாய் இருக்கும். அதில் வரும் நீரில் அமைலேஸ் என்ற, கணையம் சுரக்கும் செரிமான என்சைமின் அளவைப் பார்ப்பார்கள். கணைய இணைப்பு கசிகிறதா என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். இரைப்பை சில நாள் மந்தமாகவே இருக்கும், குமட்டும். சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளையாகக் கொடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது, செரிமானத்துக்காகக் கொடுக்கும் கணைய என்சைம் மாத்திரையில். சாப்பிட்டு முடித்தபின் போட்டால் பலன் குறைவு. முதல் வாயோடு போட வேண்டும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் அளவு போதவில்லை என்று பொருள், மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரையையும் அவ்வப்போது பாருங்கள்.

வீடு திரும்பியபின் காய்ச்சல், கூடும் வயிற்றுவலி, ரத்த வாந்தி, கறுப்பு மலம் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். களைப்பு மட்டும் இரண்டு மூன்று மாதம் இழுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.