இலைமுகத்தின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துப் பயணத்தில் ஒரு பழைய தேவாலயத்தின் தூண் உச்சியில், வாயிலிருந்து இலைக்கொடிகள் புறப்பட்டு வரும் முகம் ஒன்றைப் பார்த்தேன். அதைப் ‘பசுமை மனிதன்’ என்றார் வழிகாட்டி. கிறித்தவத்துக்கு முன்பு வணங்கப்பட்ட காட்டுத் தெய்வமாம்; சிற்பிகள் ரகசியமாகத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்களாம். பழைய எகிப்தின் தெய்வம் ஒசைரிசும் பச்சை. இஸ்லாமிய மரபின் ஹிள்ரும் பச்சை. ஒரே பச்சைத் தெய்வம்தான் உலகமெங்கும் வெவ்வேறு பெயர்களில் உலவுகிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

இல்லை என்றே நினைக்கிறேன். வழிகாட்டி சொன்ன கதைக்கு வயது நூறுகூட ஆகவில்லை. 1939-ல் லேடி ராக்லன் ‘ஃபோக்லோர்’ என்ற நாட்டார் வழக்காற்று ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். வேல்ஸின் லாங்கும் தேவாலயத்தில் இருந்த ஓர் இலைமுகத்தில் தொடங்கி, மே மாதக் கொண்டாட்டங்களில் இலைதழை போர்த்தி ஆடுபவன், ராபின் ஹுட், மே ராஜா என எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டினார். இவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆதி வளமைத் தெய்வத்தின் சாயல்கள் என்பது அவர் வாதம். ஒவ்வொரு சடங்கின் அடியிலும் இறந்து பிறக்கும் தாவரத் தெய்வத்தைத் தேடும் வழக்கத்தை 1890 முதலே மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசர் பரப்பியிருந்தார். எனவே அந்த வாதம் உடனே எடுபட்டது. நீங்கள் பார்த்ததைப் போன்ற சிற்பங்களுக்குப் ‘பசுமை மனிதன்’ என்ற பெயர் நிலைத்ததும் அதன் பிறகுதான்.

முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தால் கயிறு தங்குவதில்லை. இலை போர்த்தி ஆடும் ‘ஜாக்’கையே எடுத்துக்கொள்ளுங்கள். கூம்பு வடிவச் சட்டம் ஒன்றை இலையால் மூடி, உள்ளே ஒருவர் நின்று ஆடுவார். இந்த ஆட்டத்தின் பழமையைத் தேடிப் போன ஆய்வாளர் ராய் ஜட்ஜ், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அப்பால் அதற்குத் தடயம் இல்லை என்று 1979-ல் காட்டினார். ஆடியவர்கள் பெரும்பாலும் லண்டனில் புகைபோக்கி துடைத்த தொழிலாளர்கள். குளிர்காலம் முடிந்தால் அவர்களுக்கு வேலை குறையும். மே மாதத்தில் தெருத்தெருவாக ஆடிக் காசு வாங்கினார்கள். இதைப் பழைய வழிபாட்டின் மிச்சம் என்று சொல்லிவிட்டால், கரி படிந்த கையோடு வயிற்றுப்பாட்டுக்கு ஆடிய அந்த மனிதர்கள் கண்ணிலிருந்தே மறைந்துபோகிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. 1610-ல் செஸ்டர் நகரின் புனித ஜார்ஜ் திருநாள் ஊர்வலத்தில் வந்த இலையுடைக்காரர்களின் வேலையும் வழிபாடு அல்ல. தீப்பொறி சிதறும் தடிகளைச் சுழற்றிக் கூட்டத்தை விலக்கினார்கள்.

இலைமுகம் மட்டும் உண்மையிலேயே பழையது. ஆனால் அதன் வழி காட்டுக்குள் போகவில்லை, ரோமானிய அலங்காரக் கலைக்குப் போகிறது. அங்கேயும் அது எப்போதும் காட்டின் முகம் அல்ல. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மில்டன்ஹால் வெள்ளித் தட்டின் நடுவில் இருப்பவர் கடல் தெய்வம் ஓசியானஸ். தாடி முழுக்கக் கடற்பாசி, முடிக்குள்ளிருந்து டால்பின்கள் எட்டிப் பார்க்கின்றன. ஜெர்மனியின் ட்ரியர் நகரில், பழைய ரோமானியக் கட்டடத்தின் இலைமுகத் தூண்தலைகளை 6-ஆம் நூற்றாண்டில் பேராலயத்தில் எடுத்து வைத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கலைஞர் வில்லார் த ஒன்னெகூரின் ஓவியச் சுவடியில் இலைமுகங்கள் இருக்கின்றன. ஆலயத்துக்குள் பாதிரியார்கள் அமரும் இருக்கைகளின் அடியிலும் அவற்றைச் செதுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு வெளிப்படையாகப் புழங்கிய ஒன்றில் ரகசியம் எங்கே இருக்கிறது?

அந்த முகங்களை அருகில் நின்று பாருங்கள். ஜெர்மனியின் பாம்பெர்க் பேராலயத்தில் குதிரைவீரன் சிலைக்கு அடியில் உள்ள தாங்குகல்லில் முகமே இலைதான். நெற்றி, கன்னம், தாடி எல்லாம் மடிந்து விரியும் அகாந்தஸ் செடியின் இலைகள். அந்தப் பார்வையில் வசந்தத்தின் களிப்பு துளியும் இல்லை. வேறு பல முகங்களில் கொடி வாயைப் பிளந்துகொண்டு வருகிறது, சிலவற்றில் கண்வழியே வருகிறது. 1978-ல் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்த கேத்லீன் பாஸ்ஃபோர்ட், தாவரங்களை நன்கறிந்தவர், பலவற்றில் சாவும் அழிவும் இருப்பதை அழுத்திச் சொன்னார்.

இடைக்காலக் கிறித்தவர்களிடம் ஒரு கதை பரவலாக வழங்கியது. ஆதாம் இறந்ததும், ஏதேன் தோட்டத்து மரத்தின் விதைகளை மகன் சேத் அவர் நாக்கின் அடியில் வைத்துப் புதைக்கிறான். அந்த விதையிலிருந்து எழுந்த மரமே பின்னாளில் சிலுவையாகிறது. பிணத்தின் வாயிலிருந்து மரம் முளைக்கும் கதையைக் கேட்டு வளர்ந்த சிற்பிக்கு, இலை கக்கும் முகத்தைச் செதுக்க அந்நியத் தெய்வம் எதற்கு? எல்லா இலைமுகமும் ஆதாம் என்று நான் சொல்லவில்லை. கிறித்தவத்துக்குள்ளேயே அதற்கு இடம் இருந்தது என்கிறேன்.

ஒசைரிசின் பச்சை நைல் நதிக்கரையின் தானியம். ஒசைரிசின் உருவத்தில் மரச்சட்டம் செய்து, வண்டல் நிரப்பி, தானியம் விதைத்து, முளைவிட்டதும் துணியால் சுற்றிக் கல்லறையில் வைத்தார்கள். துட்டன்காமன் கல்லறையிலும் ஒன்று கிடைத்தது. செத்த அரசன் முளைத்தே ஆகவேண்டும் என்ற ஏக்கத்தை இதைவிட நேராக யாரும் செய்துகாட்டியதில்லை.

ஹிள்ர் முற்றிலும் வேறு. குர்ஆனின் 18-ஆம் அத்தியாயத்தில் மூசா நபி பின்தொடரும் இறையடியார் படகைத் துளையிடுகிறார், ஒரு சிறுவனைக் கொல்கிறார், இடியவிருந்த சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்துகிறார். மூசாவால் பொறுக்க முடியவில்லை. காரணங்கள் கடைசியில்தான் விளங்குகின்றன. அங்கே அவருக்குப் பெயர் இல்லை. ஹிள்ர் என்ற பெயரையும், வறண்ட வெண்ணிலத்தில் அவர் அமர, அது பசுமையாய் அசைந்தது என்ற செய்தியையும் நபிமொழியான ஹதீஸ் தருகிறது. அவர் தாவரத் தெய்வம் அல்ல, தெய்வமே அல்ல. இறைவன் கொடுத்த அறிவு தொட்ட இடம் துளிர்க்கிறது, அவ்வளவே. ஒசைரிசையும் அவரையும் ஒன்றாக்கினால் இரண்டு கதைகளின் உயிரும் போய்விடும்.

பசுமை மனிதனை இன்று இயற்கையின் அடையாளமாகக் கொண்டாடுவதில் தவறு உண்டா என்றால், எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 2023-ல் மன்னர் சார்லசின் முடிசூட்டு அழைப்பிதழில்கூட வசந்தத்தின் சின்னமாக அவர் இருந்தார். காடுகள் அழிவதைக் கண்டு பதறும் காலம் தனக்கென ஓர் உருவத்தைக் கண்டெடுத்திருக்கிறது. அது இந்தக் காலத்தின் உருவம் என்று சொல்லிக் கொண்டாடலாம்.

மறுபடி இங்கிலாந்து போனால் சவுத்வெல் பேராலயத்தின் சபைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கியது. ஓக், மேப்பிள், ஐவி, ஹாப், திராட்சை என்று செடியின் பெயரைச் சொல்லிவிடலாம், அவ்வளவு துல்லியம். இலைமுகங்களும் அவற்றுக்கிடையே உண்டு. முதலில் இலைகளைப் பாருங்கள், முகங்களைப் பிறகு பார்க்கலாம்.