குழந்தை பிறந்த பிறகு சென்னையில் புதுத் தோழிகளைப் பிடிப்பது எப்படி?

கைக்குழந்தைக்காரிக்குத் தேவைப்படும் தோழி, அதே வயதுக் குழந்தை வைத்திருக்கும், நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய இன்னொரு அம்மா. பழைய தோழிகள் விலகுவது பாசம் குறைந்ததால் அல்ல, நேரம் ஒத்துவராததால். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பவரால் இரவு எட்டு மணி ஹோட்டலுக்கு எப்படிப் போக முடியும்? அதோடு பலருக்குப் பிரசவம் தாய்வீட்டில். சில மாதம் கழித்துத் திரும்பினால் அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீடே புதிது.

நட்புக்குப் பேச்சுத் திறமையைவிடத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் முக்கியம். தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறுபவர்கள் தானாகவே பேச ஆரம்பிப்பது போலத்தான்.

அதனால் இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். வெயில் இறங்கியபின், ஐந்தரை மணிக்கு, வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா. மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாகேஸ்வரராவ் பூங்கா. 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு வரிசையில் உட்காரும்போது, “உங்க பாப்பாவுக்கு எத்தனை மாசம்? ராத்திரி தூங்குதா?” என்று கேளுங்கள். கிளம்புமுன் வாட்ஸ்அப் எண் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். அன்றைக்கே, “வியாழக்கிழமை பூங்காவுக்கு வர்றீங்களா?” என்று நாள் குறித்து அனுப்புங்கள். ‘ஒருநாள் பார்க்கலாம்’ என்றால் நடக்காது. அரைமணி நேரம் போதும். கடைசி நிமிடத்தில் வராமல்போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், குழந்தை அப்போதுதான் தூங்கியிருக்கும்.

தோழி கிடைத்தால் எல்லாச் சோர்வும் போய்விடும் என்று நினைப்பது தவறு: அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள், அல்லது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள்.