சேலத்திலிருந்து துபாய் வீட்டை வாடகைக்கு விடுவது

கேள்வி: நானும் என் கணவரும் பதினாறு ஆண்டுகள் துபாயில் இருந்துவிட்டு 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் சேலத்துக்கே திரும்பிவிட்டோம். அங்கே ஜுமேரா வில்லேஜ் சர்க்கிள் பகுதியில் 750 சதுர அடியில் ஒரு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. கடன் எதுவும் இல்லை, பணம் முழுவதும் என் கணவருடைய சம்பாத்தியம். இப்போது குடியிருப்பவர் வரும் மார்ச் 2026-இல் காலி செய்கிறார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார், அதாவது கணவரின் சித்தப்பா மகன், சாமான்கள் வாங்கிப் போட்டு நாள் வாடகைக்கு விட்டால் வருமானம் இரட்டிப்பாகும் என்றும், ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்தால் வசூலாகும் தொகையில் 20 சதவீதம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். என் கணவரோ, 5 சதவீதக் கட்டணம் கேட்கும் ஒரு நிர்வாக நிறுவனத்தின் மூலம் ஆண்டுக்கு 80,000 திர்ஹம் வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறார். கட்டடத்தின் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 15 திர்ஹம். இருவரில் யார் சொல்வது சரி? இந்த வாடகைக்கு இங்கே வருமான வரி கட்ட வேண்டுமா? துபாயில்தான் வரியே இல்லையே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கணவர் சொல்வதே சரி என்பது என் கருத்து. நாள் வாடகையில் லாபமே கிடையாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த லாபம், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து நாள்தோறும் அதைக் கவனிப்பவருக்குத்தான் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ஏற்காட்டில் காட்டேஜ் கட்டி விட்டிருக்கும் உங்கள் உறவினர் யாரையேனும் கேட்டுப் பாருங்கள். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் கேட்ட விலைக்கு அறை போகும். மழை பிடித்துக்கொண்டால் காவலாளி மட்டும் தனியே உட்கார்ந்திருப்பார். அதில் காசு பார்த்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலேயே குடியிருப்பவர்கள். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு தொலைபேசியில் நடத்தியவர்கள் அல்லர். ஏற்காட்டுக்காவது நாற்பது நிமிடத்தில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்விடலாம்.

துபாயில் இந்தப் பருவக் கணக்கு தலைகீழாக இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை பயணிகள் குவிவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயிலுக்குப் பயந்து ஊரே காலியாகும் என்பது அங்கே வாழ்ந்த உங்களுக்குத் தெரியாததல்ல. நாள் வாடகைக்கு விட வேண்டுமானால் துபாய் பொருளாதார, சுற்றுலாத் துறையிடம் விடுமுறை இல்லத்துக்கான அனுமதி பெற வேண்டும்; வந்து தங்கும் ஒவ்வொருவரின் அடையாள ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும்; இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலாக் கட்டணம் வசூலித்துச் செலுத்த வேண்டும். மின்சாரம், தண்ணீர், குளிரூட்டல், இணையம், படுக்கை விரிப்புச் சலவை ஆகிய அனைத்தும் உங்கள் செலவு. உரிமையாளர் தம்முடைய வீட்டுக்கு அனுமதி பெறலாம். பிறருடைய வீட்டை இவ்வாறு தொழிலாக நடத்துபவருக்கோ அதற்கென உரிமம் தேவை. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் உங்கள் கொழுந்தனார், மாலை நேரத்தில் பாதைநெரிசலைத் தாண்டி வந்து செய்யக்கூடிய உபதொழில் அன்று இது.

அவர் கேட்கும் 20 சதவீதம் வசூலின் மீதா, மிச்சத்தின் மீதா என்பதையும் கவனியுங்கள். கடிதத்தில் வசூல் என்றே எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதைப் போலவே வசூல் இரட்டிப்பாகி 1,60,000 திர்ஹம் வந்ததாக வைத்துக்கொண்டாலும், சாமான் வாங்கிய செலவு, மின்கட்டணம், காலியாகக் கிடக்கும் கோடை மாதங்கள் எதையும் கழிக்கும் முன்பே 32,000 திர்ஹம் அவருக்குப் போய்விடும். ஆண்டு வாடகையில் கணக்கு இவ்வளவு சிக்கலானதல்ல: 80,000 திர்ஹத்தில் பராமரிப்புக் கட்டணம் 11,250, நிர்வாகக் கட்டணம் 4,000 போக 64,750 திர்ஹம் கையில் நிற்கும். அதில் குளிரூட்டி பழுதுக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரை, பெரிய பழுதுகளைச் சரிசெய்வது அங்கே உரிமையாளரின் பொறுப்பு.

அடுத்தது ஜெனரல் பவர். இதைத் தயவுசெய்து யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்; கொழுந்தனார் நல்லவரா இல்லையா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. அவர் நாளைக்கு நோய்வாய்ப்பட்டாலோ கடனில் சிக்கினாலோ, விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை தரும் ஒரு காகிதம் அவர் பையில் இருப்பது உங்களுக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, அதைப் பதிவு செய்வது, வீட்டை ஒப்படைத்துத் திரும்பப் பெறுவது, நோட்டீஸ் அனுப்புவது, வாடகைத் தகராறு தீர்ப்பு மையத்தில் ஆஜராவது ஆகிய வேலைகளை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, விற்கவோ அடமானம் வைக்கவோ தன் கணக்கில் பணம் பெறவோ அதிகாரம் இல்லை என்றும் எழுதி, காலவரையறையுடன் கூடிய தனி அதிகாரப் பத்திரம் போதும். சேலத்தில் நோட்டரி முன்னிலையில் எழுதினால் அதன்பின் வெளியுறவுத் துறைச் சான்று, அமீரகத் தூதரகச் சான்று, அங்கே மீண்டும் ஒரு சான்று, அரபு மொழிபெயர்ப்பு என்று அலைச்சல் நீளும். மார்ச் மாதத்தில் இருவரும் ஒருமுறை போய்வர முடியுமானால், துபாய் நோட்டரியிடமே ஒரே நாளில் முடித்துவிடுவது எளிது.

வாடகைத் தொகையைப் பற்றி உங்கள் கணவர் நன்றாக யோசிக்க வேண்டிய நேரம் இதுதான். புதிய குடித்தனக்காரருக்கு என்ன வாடகை என்பதைப் பேசி முடிவு செய்யும் சுதந்திரம் இப்போது உங்களுக்கு இருக்கிறது. அவர் குடிவந்த பிறகு அந்தச் சுதந்திரம் பெரும்பாலும் போய்விடும். துபாயின் 2013-ஆம் ஆண்டு ஆணைப்படி, நடப்பு வாடகை சந்தைச் சராசரியைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் புதுப்பிக்கும்போது ஒரு திர்ஹம்கூட ஏற்ற முடியாது. 11 முதல் 20 சதவீதம் குறைவாக இருந்தால் 5 சதவீதமும், 21 முதல் 30 வரை என்றால் 10 சதவீதமும், 31 முதல் 40 வரை என்றால் 15 சதவீதமும், அதற்கும் மேல் என்றால் 20 சதவீதமும்தான் உயர்த்தலாம். அந்த உயர்வையும் ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாட்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். நம்ம ஊர்ப் பையன், தெரிந்த குடும்பம் என்று சந்தையில் 80,000 போகும் வீட்டை 72,000 திர்ஹத்துக்குக் கொடுத்தீர்களானால், சந்தை அப்படியே இருக்கும்வரை அடுத்த ஆண்டும் 72,000தான். அதற்காக 88,000 வேண்டும் என்று பிடிவாதமாகக் காத்திருப்பதும் கூடாது. 80,000 கணக்கில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 6,667 திர்ஹம் போய்விடும், பராமரிப்புக் கட்டணமோ பூட்டிக் கிடந்தாலும் நிற்காது.

முன்பணத்தை நம் ஊர்க் கண்ணோடு பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொன்னாலும், பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய நமக்கு, சாமான் இல்லாத வீட்டுக்கு ஆண்டு வாடகையில் 5 சதவீதம் என்ற துபாய் வழக்கம் மிகக் குறைவாகத் தோன்றும். அங்கே உங்களுக்குப் பாதுகாப்பு முன்பணத்தில் இல்லை, முன்கூட்டியே கையெழுத்திட்டு வாங்கும் பின்தேதியிட்ட காசோலைகளில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் தவணை குறிப்பிடப்படாவிட்டால் ஆண்டுக்கு நான்கு சமத் தவணைகள், ஒவ்வொன்றும் முன்னதாக, என்பது துபாய்ச் சட்டம். தூரத்தில் இருப்பவருக்கு நான்குக்கு மேல் வேண்டாம் என்பேன். பன்னிரண்டு காசோலைக்குக் கூடுதல் வாடகை தருவதாகச் சொல்பவரிடம் பன்னிரண்டு முறை கவலைப்பட வேண்டியிருக்கும். 2022 ஜனவரி முதல், போதிய பணம் இல்லாமல் திரும்பும் காசோலைக்குச் சிறை என்ற பழைய அச்சுறுத்தல் பெரும்பாலும் நீங்கிவிட்டது. அதற்கு மாற்றாக, கணக்கில் இருக்கும் அளவைப் பகுதியாகப் பெறவும், மீதித் தொகைக்கு நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்தை அணுகவும் வழி செய்திருக்கிறார்கள். காசோலைகள் உரிமையாளர் பெயரில்தான் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரிலோ கொழுந்தனார் பெயரிலோ வாங்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அவற்றைப் போட அங்கே ஒரு வங்கிக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், விசா முடிந்து திரும்பியதை வங்கிக்குத் தெரிவித்து, அங்கே குடியிராதவருக்கான அயல்வாசிக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தை இஜாரி என்னும் துபாயின் வாடகை ஒப்பந்தப் பதிவு முறையில் பதிவு செய்யாமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு தகராறு மையத்துக்குப் போனால் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்பதையும், குடியிருக்கப் போகிறவர்களின் பெயர்களையும் எழுதிவிடுங்கள். ஒரு படுக்கையறை வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து பெட் ஸ்பேஸ் போடுவது, அதாவது படுக்கை படுக்கையாக வாடகைக்கு விடுவது, எப்படி நடக்கும் என்பதைப் பதினாறு ஆண்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வாடகை வராமல் போனால், நோட்டரி மூலமாகவோ பதிவுத் தபாலிலோ நோட்டீஸ் கொடுத்து, 30 நாட்களுக்குள் கட்டாவிட்டால்தான் காலி செய்யக் கோர முடியும். ஆகவே முதல் காசோலை திரும்பிய அன்றே நோட்டீஸ் போக வேண்டும் என்று நிறுவனத்தோடு செய்யும் உடன்படிக்கையிலேயே எழுதுங்கள்.

வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் வீடு தானாகக் கைக்கு வந்துவிடும் என்பது. அப்படி வராது. விற்பதற்காகவோ, நீங்களோ முதல்நிலை உறவினரோ குடியிருப்பதற்காகவோ வேண்டுமென்றால், நோட்டரி மூலமாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் தர வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கென்று காலி செய்ய வைத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு வேறொருவருக்கு வாடகைக்கு விடவும் முடியாது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்கும் எண்ணமோ, பிள்ளைகள் யாரேனும் அங்கே வேலைக்குப் போகும் வாய்ப்போ இருந்தால், புதிய ஆளைக் குடிவைக்கும் முன்பே அதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி வரி. துபாயில் இந்த வாடகைக்கு வருமான வரி இல்லை என்பது உண்மை. அதனால் இந்தியாவிலும் இல்லை என்பது உண்மையல்ல. இங்கே சாதாரணமாகக் குடியிருப்பவர் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், உலகில் எங்கிருந்து வந்த வருமானத்துக்கும் வரி செலுத்த வேண்டும். அங்கே வரியே கட்டாததால், இங்கே கழித்துக்கொள்ளவும் எதுவும் இருக்காது. ஆனால் நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்கு ஓர் இடைநிலை உண்டு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் அயல்வாசியாக, அதாவது வரிக் கணக்குப்படி இந்தியாவில் குடியிருக்காதவராக, இருந்தவர், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் 729 நாட்களுக்கு மிகாமல் இருந்தவர், குடியிருப்பவராக இருந்தும் சாதாரணமாகக் குடியிருப்பவர் ஆகமாட்டார். அவருடைய வெளிநாட்டு வாடகைக்கு இங்கே வரி விழாது. நீங்கள் திரும்பிய 2024-25, அடுத்த 2025-26 ஆகிய இரண்டு நிதியாண்டுகளும் முதல் விதியின்படி இந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். 2026-27-இல்தான் சிக்கல். அப்போது ஒன்பதாண்டு விதி பொருந்தாது. 729 நாள் விதியைப் பார்த்தால், திரும்பிய நாள் முதல் 2026 மார்ச் வரை மட்டுமே 660 நாட்களுக்கு மேல் ஆகிவிடும். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் விடுமுறைக்கு வந்து தங்கிய நாட்களுக்கு எஞ்சுவது 70-க்கும் குறைவு. இருவருடைய பாஸ்போர்ட் முத்திரைகளையும் எடுத்து எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் ஊருக்கு வந்தவர்கள் என்றால், ஏப்ரல் 2026 முதல் வரும் வாடகை இங்கே வரிக்கு உட்பட்டது. உங்கள் புதிய ஒப்பந்தம் தொடங்குவதும் ஏறத்தாழ அதே வேளையில்தான்.

அப்படி வரி கட்டும்போதும் ஆண்டு வாடகைக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. வீட்டுச் சொத்து வருமானத்தில் 30 சதவீதம் ரசீது கேட்காமலே கழிக்கப்படும். 80,000 திர்ஹத்தில் 24,000 கழிந்து 56,000-க்குத்தான் வரி. உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவு 15,250 மட்டுமே என்பதால் இது லாபம்தான். நாள் வாடகையோ, சேவைகளுடன் நடத்தும் தொழில் வருமானமாகக் கருதப்படக்கூடும், அப்போது இந்த 30 சதவீதம் கிடைக்காது. பத்திரத்தில் இரு பெயர் இருந்தாலும் பணம் போட்டது உங்கள் கணவர் என்பதால், வாடகை வருமானம் அவருடையதாகவே கணக்கிடப்படும். பாதி பாதியாகப் பிரித்துக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள்.

சாதாரணமாகக் குடியிருப்பவர் என்ற நிலைக்கு வந்த ஆண்டிலிருந்து இருவருமே வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்த வீட்டையும் துபாய் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். அந்த அட்டவணை நாட்காட்டி ஆண்டின்படி, ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமானது. காட்டத் தவறினால் 2015-ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். 20 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பின்னர் தரப்பட்ட விலக்கு அசையாச் சொத்துக்குப் பொருந்தாது. அயல்நாட்டில் குடியிருந்தபோது வாங்கிய சொத்தைத் திரும்பிய பிறகும் வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது என்பதால், வீட்டை மறைக்க வேண்டிய காரணம் உங்களுக்கு எதுவுமே இல்லை.

கொழுந்தனாரிடம் வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். அவருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம்: மார்ச்சில் பழைய குடித்தனக்காரர் சாவியை ஒப்படைக்கும் நாளிலும், புதியவர் வாங்கிக்கொள்ளும் நாளிலும் அவர் நேரில் இருந்து, சுவர், குளிரூட்டி, குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பட்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு தொகையைப் பேசி, அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத்திலிருந்து பழைய குடித்தனக்காரருக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அந்த வீடியோவைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.