சாமுவேல் ரிச்சர்ட்சன்: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தின் முதல் நாவலாசிரியர் ரிச்சர்ட்சன்தானா?

பதில்: இல்லை. டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ 1719லேயே வந்துவிட்டது. அவருக்கும் முன்னால் பதினேழாம் நூற்றாண்டுப் பெண் எழுத்தாளர் ஆஃப்ரா பென் இருக்கிறார். ரிச்சர்ட்சன் (1689–1761) லண்டனில் அச்சகம் நடத்தியவர். முதல் நாவலான ‘பமேலா’ 1740இல் வெளிவந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.

கேள்வி: அச்சகக்காரர் எப்படி நாவலுக்கு வந்தார்?

பதில்: கடிதம் வழியாக. ஊர்ப் பெண்களுக்குக் காதல் கடிதங்கள் எழுதிக் கொடுத்தபோது தனக்குப் பதின்மூன்று வயதுக்கு மேல் இருக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் இரண்டு புத்தக வியாபாரிகள், நாட்டுப்புற மக்களுக்காக மாதிரிக் கடிதங்கள் எழுதித் தரச் சொன்னார்கள். வேலை பார்க்கும் வீட்டில் முதலாளியால் மகளுக்குத் தொல்லை என்று தெரிந்தால், தகப்பன் என்ன எழுதுவான்? இந்த யோசனையிலிருந்து பிறந்தவள்தான் பமேலா. இரண்டே மாதத்தில் எழுதி முடித்தார்.

கேள்வி: அவருடைய அடுத்த நாவல் ‘கிளாரிஸா’ மலைக்க வைக்கிறது. சுருக்கப் பதிப்பு போதாதா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஏழு தொகுதிகள் (1747–48), ஐந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள். கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பிடிக்காத மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கப் பார்க்கும் வீட்டிலிருந்து, லவ்லேஸ் என்பவனுடைய சூழ்ச்சியில் சிக்கி கிளாரிஸா வெளியேறுகிறாள். அவன் மயக்க மருந்து கொடுத்துச் சீரழிக்கிறான். அவனை மணக்க மறுத்து அவள் இறக்கிறாள். கதைக்காக ரிச்சர்ட்சனைப் படித்தால் பொறுமை போய்த் தூக்கில் தொங்குவீர்கள், உணர்வுக்காகப் படியுங்கள் என்று அக்கால விமர்சகர் டாக்டர் ஜான்சன் சொன்னது இதனால்தான்.

எழுதுகிறவருக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. அந்தத் தவிப்பு கடிதத்துக்குக் கடிதம் ஏறுகிறது. அச்சுக்காரரின் கைவண்ணம் வேறு! கிளாரிஸாவின் தோழி எழுதிய கடிதம் லவ்லேஸ் கையில் சிக்குகிறது. பழிவாங்க வேண்டிய இடங்களையெல்லாம் அவன் குறித்துவைக்கிறான். ஓரத்தில் சுட்டுவிரல் நீட்டிய கைகளாகவே அவை அச்சாகியிருக்கின்றன. சீரழிக்கப்பட்ட பிறகு அவள் புத்தி கலங்கிக் கிறுக்கிப் போட்ட தாள்களில் ஒன்றில், வரிகள் கோணல்மாணலாகச் சாய்ந்து கிடக்கும். அந்தப் பக்கத்தைச் சுருக்கி எப்படிச் சொல்வீர்கள்?

கேள்வி: பமேலா காரியக்காரிதானே? முதலாளியை மடக்கிக் கல்யாணம் செய்துகொண்டாள்.

பதில்: 1741இல் ‘ஷமேலா’ என்ற பகடி நூலை எழுதி, சமகால எழுத்தாளர் ஃபீல்டிங் கேலி செய்ததும் இதைச் சொல்லித்தான். எனக்கு உடன்பாடில்லை. அவளுக்குப் பதினைந்து வயது, வேலைக்காரி.

கேள்வி: அப்படியானால் உடனே ஊருக்குப் போயிருக்கலாமே? முதலாளியுடைய மேற்சட்டைக்குப் பூவேலை முடிக்கணும் என்று தங்கினாளே?

பதில்: அந்தச் சட்டை என்னையும் யோசிக்க வைத்ததுதான். அவள் மனதில் ஈர்ப்பு இருந்தது, அதை அவளே பின்னால் ஒப்புக்கொள்கிறாள். ஈர்ப்பு இருப்பதும் திட்டம் போடுவதும் ஒன்றா? ஊருக்குக் கிளம்பியவளைத்தானே வண்டியைத் திருப்பி லிங்கன்ஷயர் வீட்டில் அடைக்கிறான்! அந்த வட்டாரத்து நீதிபதியும் அவனேதான். புகார் கொடுக்க யாரிடம் போவாள்? எழுதிய தாள்களை உள்ளாடையில் வைத்துத் தைத்துக்கொள்கிறாள். அவற்றைப் பிடுங்க, உடையைக் களைந்து சோதிப்பேன் என்கிறான். “நான் எப்படி அவர் சொத்தானேன்? திருடனுக்குத் திருட்டுப் பொருள்மேல் உள்ள உரிமைதானே அவருக்கு என்மேல்?” என்று காவல்காரியிடம் கேட்பவள் அவள். ஒரு வேலைக்காரியின் வாயில் அந்தக் கேள்வியை வைத்த நாவலைக் காரியக்காரியின் கதை என்று தள்ளிவிட என்னால் முடியாது. அவனையே மணப்பதுதான் பரிசு என்ற முடிவு எனக்கும் கசக்கிறது. அந்தக் குறை ரிச்சர்ட்சனுடையது, அவளுடையது அல்ல.

கேள்வி: அவள் எழுதியதை மட்டும் நம்பி எப்படித் தீர்ப்புச் சொல்வது?

பதில்: நல்ல கேள்வி. கதையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவள் பேனா மட்டும்தான். ‘கிளாரிஸா’வில் நான்கு பேரைப் பிரதானமாக எழுதவைத்ததால், ஒருவர் பொய்யை இன்னொருவர் கடிதம் காட்டிக்கொடுக்கிறது. எட்டு வருடத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் பாருங்கள்.

கேள்வி: கிளாரிஸாவுக்கு நல்ல சுருக்கம் எது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: எந்தப் பதிப்பு வாங்கலாம்?

பதில்: முதல் பதிப்பின் பாடம். லவ்லேஸ்மேல் வாசகிகள் மயங்கியதைப் பார்த்த ரிச்சர்ட்சன், அவனைக் கறுப்பாக்க அடிக்குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனார். லேடி பிராட்ஷே என்ற வாசகி, கதையைச் சுபமாக முடிக்கும்படி மன்றாடிக் கடிதம் எழுதினார். ரிச்சர்ட்சன் அசையவில்லை.

கேள்வி: ஃபீல்டிங்கின் நாவல் ‘டாம் ஜோன்ஸ்’ பற்றி?

பதில்: ஃபீல்டிங்கில் தோய்ந்தவர்களைக் கேளுங்கள். ‘கிளாரிஸா’வைப் படித்து நெகிழ்ந்து, 1748இல் அவர் ரிச்சர்ட்சனுக்கே பாராட்டி எழுதினார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கேலி செய்த அதே மனிதர்!

கேள்வி: சுருக்கிய ஒலிநூல் கேட்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: இவருக்குப் பின் யார்மீது தாக்கம்?

பதில்: ரூசோவின் ‘ஜூலி’ (1761), கதேயின் ‘வெர்தர்’ (1774) இரண்டும் கடித நாவல்கள், இரண்டும் இவர் போட்ட பாதையில் வந்தவை. நூல்களையெல்லாம் விற்க நேர்ந்தாலும் ஹோமர், யூரிப்பிடிஸ், சோஃபக்ளீஸ் பக்கத்தில் ரிச்சர்ட்சனையும் வைத்துக்கொள்வேன் என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ.

கேள்வி: அவருடைய கடைசி நாவல் ‘கிராண்டிசன்’ படிக்கலாமா?

பதில்: கிளாரிஸாவுக்குப் பிறகு. நாயகன் அப்பழுக்கற்றவன் என்பதால் கொஞ்சம் அலுக்கும். ஆனால் அதில் நடப்பதெல்லாம் ஜேன் ஆஸ்டினுக்கு அத்துப்படி என்று அவருடைய அண்ணன் மகன் எழுதியிருக்கிறார். ஆஸ்டினைப் பிடிக்குமென்றால் வரவேற்பறைப் பேச்சுகளை நிதானமாகப் படியுங்கள்.